மருந்து அடிக்கும் முன்னால் கொஞ்சம் பார், அம்மு

அன்புள்ள அம்மு,

நீ அனுப்பிய கொய்யா மரத்துப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இலைக்கு அடியில் பஞ்சு பஞ்சாக ஒட்டிக்கொண்டிருப்பது மாவுப்பூச்சி. கீழ் இலைகளில் கரி பூசினது போல இருக்கிறதே, அது வேறு நோயோ என்று பயப்படாதே. மாவுப்பூச்சி சாற்றை உறிஞ்சிவிட்டு இனிப்பான கழிவை விடும். அது சொட்டிய இடத்தில்தான் கரும்பூசணம் படர்கிறது. ஈரத்துணியால் துடைத்துப் பார், வந்துவிடும்.

மருந்து அடிக்கலாமா என்று கேட்டிருந்தாய். இன்றைக்கு வேண்டாம். நாளைக் காலையில் பத்து நிமிடம் மரத்தடியில் நின்று எறும்பைப் பார். அடிமரத்தில் சாரைசாரையாக ஏறி இறங்கும். அந்த இனிப்புக்காக எறும்பு மாவுப்பூச்சிக்குக் காவல் இருக்கிறது. அதைத் தின்ன வரும் பொறிவண்டை விரட்டிவிடுகிறது. அதனால் முதல் வேலை எறும்பின் வழியை அடைப்பது. சுவரிலும் தரையிலும் உரசும் கிளைகளை வெட்டிவிடு. அடிமரத்தில் துணியைச் சுற்றி, அதன்மேல் பிளாஸ்டிக் தாளை இறுக்கிக் கட்டி, தாளின்மேல் கிரீஸ் தடவு. பட்டைமேல் நேராகத் தடவிவிடாதே, மரத்துக்கு ஆகாது.

அப்புறம், நான் செய்த தவறை நீ செய்யக் கூடாது. ஒரு வருடம் நம் மரத்தில் மாவுப்பூச்சிக்கு நடுவே பெரிது பெரிதாகச் சில வெள்ளைப் பூச்சிகள் ஓடின. இதுதான் தாய்ப்பூச்சி போலிருக்கிறது என்று நசுக்கினேன், கடுமையான மருந்தும் அடித்தேன். அடுத்த மாதம் கொழுந்தெல்லாம் வெள்ளையாகிவிட்டது. நான் கொன்றது மாவுப்பூச்சியைத் தின்னும் பொறிவண்டின் புழுக்களை என்று பிறகுதான் தெரிந்தது. இன்றும் நினைத்தால் மனசு கஷ்டப்படுகிறது. குச்சியால் தொட்டுப் பார்: மாவுப்பூச்சி அசைந்தால் அதிகம், பொறிவண்டுப் புழு விறுவிறுவென்று ஓடும். அதன் உடம்பில் மெழுகு இழைகள் நூல் நூலாக நீண்டு தொங்கும். 1888இல் ஆஸ்திரேலியாவிலிருந்து ஒரு வகைப் பொறிவண்டைக் கலிபோர்னியாவுக்குக் கொண்டுபோனார்கள். மாவுப்பூச்சி போலவே சாற்றை உறிஞ்சும் பஞ்சுச் செதில்பூச்சியால் அழிந்துகொண்டிருந்த ஆரஞ்சுத் தோப்புகள் அதனால்தான் பிழைத்தன.

புழு ஓடும் கிளையை அப்படியே விட்டுவிடு. மற்ற கிளைகளில் மோசமான நுனிகளை வெட்டிப் பையில் கட்டி அப்புறப்படுத்து. மீதியைக் குழாய்த் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சிக் கழுவு. அதற்கும் அடங்காவிட்டால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய். முதலில் எண்ணெயில் சில சொட்டு சோப்புக் கரைசலை விட்டுக் கலக்கு, அப்போதுதான் தண்ணீரோடு சேரும். நாலைந்து இலையில் தெளித்து, இரண்டு நாள் பார்த்துவிட்டு, வெயில் சாய்ந்ததும் இலையின் அடிப்பக்கம் நனையத் தெளி. முட்டை பொரித்துப் புதுக் குஞ்சுகள் வரும். அதனால் வாரம் கழித்து இன்னொரு முறை தெளிக்க வேண்டியிருக்கும்.

இன்னொன்று, எலுமிச்சை இலையில் பறவை எச்சம் போல இருப்பது பட்டாம்பூச்சியின் புழு. கன்று சின்னதாக இருந்தால் கையால் எடுத்துவிடு. வளர்ந்த மரம் என்றால் தின்றுவிட்டுப் போகட்டும்.

கிரீஸ் தடவிய தாளைக் கட்டிய மூன்றாம் நாள் அடிமரத்தைப் படம் எடுத்து அனுப்பு. தண்டில் ஓட்டையும் அதன் கீழே மரத்தூளும் கண்ணில் பட்டால் மட்டும் மூன்று நாள் பொறுக்காதே, அது தண்டைத் துளைக்கும் புழு. உடனே என்னைக் கூப்பிடு.

அன்புடன்,
அப்பா