சரக்கு அனுப்பும், பெறும் நிறுவனங்களின் பொறுப்பாளர்களுக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரியீர்,

வணக்கம். நெடுஞ்சாலையில் நின்ற வாகனங்களின் மீது லாரி மோதினால், ஓட்டுநர் கண்ணயர்ந்துவிட்டார் என்பதோடு செய்தி முடிந்துவிடுகிறது. வழக்கு அவர்மீது பதிவாகிறது, உரிமமும் அவருக்கே பறிபோகிறது. அவர் ஏன் தூங்காமல் வண்டி ஓட்டினார் என்ற கேள்வி, மிஞ்சிப்போனால் லாரி உரிமையாளர் வரை செல்கிறது. சரக்குக்குச் சொந்தக்காரர்களான உங்களை அது எட்டுவதே இல்லை. எட்ட வேண்டும் என்று உறுதியாக நம்புவதால் இதை எழுதுகிறேன்.

காலை எட்டு மணிக்கு வரச் சொன்ன லாரிக்குப் பிற்பகல் இரண்டு மணிக்கு லோடு ஏற்றப்படுகிறது. இடைப்பட்ட ஆறு மணி நேரத்தை ஓய்வு என்று நீங்கள் எண்ணக்கூடும். வரிசை நகரும்போதெல்லாம் வண்டியை நகர்த்தி, வாசலில் வண்டி எண்ணைக் கூப்பிடும்போது காகிதங்களோடு ஓட வேண்டியவரால் எப்படித் தூங்க முடியும்? டிரிப்புக்கு இவ்வளவு, கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று கூலி வாங்குபவருக்கு அந்த நேரத்துக்குப் பணமும் கிடையாது. ஆனால் சரக்கு போய்ச் சேர வேண்டிய நேரம் மட்டும் மாறுவதில்லை. இழந்ததை அவர் இரவுத் தூக்கத்தைக் குறைத்தோ வேகத்தைக் கூட்டியோதான் ஈடுகட்டுகிறார். காத்திருப்பு சராசரியாக 15 நிமிடம் கூடினாலே விபத்து விகிதம் 6.2 சதவீதம் உயரும் என்று அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் தலைமை ஆய்வாளர் அலுவலகம் 2018இல் மதிப்பிட்டது.

ஓட்டும் நேரத்துக்கு விதிகள் இல்லாமல் இல்லை. அமெரிக்காவில் 10 மணி நேர ஓய்வுக்குப் பிறகு 11 மணி நேரம் வரை ஓட்டலாம், அதுவும் பணி தொடங்கிய 14 மணி நேரத்துக்குள். அந்த 14 மணி நேரக் கணக்கு உங்கள் வாசலில் காத்திருக்கும்போதும் பொதுவாக ஓடிக்கொண்டுதான் இருக்கிறது என்பதை நினைத்துப் பாருங்கள். ஐரோப்பிய ஒன்றியம் நாலரை மணி நேர ஓட்டத்துக்கு 45 நிமிட இடைவேளையைக் கட்டாயமாக்கியிருப்பதோடு, ஒப்பந்தத்தில் குறிக்கப்படும் பயண நேரங்கள் இவ்விதிகளுக்கு உட்பட்டிருப்பதை உறுதிசெய்யும் கடமையைச் சரக்கு அனுப்புவோருக்கும் சேர்த்தே விதித்திருக்கிறது. ஆஸ்திரேலியச் சட்டமும் லோடு ஏற்றுபவர், அனுப்புபவர், பெறுபவர் என ஒவ்வொருவரையும் பொறுப்பாளியாக்குகிறது. இதுவே நியாயம், எல்லா நாடுகளும் இவ்வழிக்கு வர வேண்டும்.

அதிகப் பாரமும் இதே கதைதான். நீண்ட இறக்கத்தில் பிரேக் டிரம் சூடேறிப் பிடிமானம் குறைந்த பிறகு, எவ்வளவு திறமையான ஓட்டுநராலும் வண்டியை நிறுத்த முடியாது. இன்னும் கொஞ்சம் ஏற்றிக்கொள் என்று சொன்னவரோ அப்போது வண்டியில் இருப்பதில்லை.

சட்டம் கட்டாயப்படுத்தும்வரை நீங்கள் காத்திருக்க வேண்டியதில்லை. லாரி வாசலுக்கு வந்த நேரத்தையும் வெளியேறிய நேரத்தையும் சரக்குச் சீட்டிலேயே எழுதிக் கையொப்பமிடுங்கள். காத்திருந்த நேரத்துக்குரிய பணம் ஓட்டுநரின் கைக்கே போய்ச் சேரட்டும். லோடு ஏற்றத் தாமதமானால், இறக்க வேண்டிய நேரத்தையும் அதே அளவு தள்ளிவைத்து, அதை உங்கள் பெயரில் எழுத்தாகத் தாருங்கள். வழியில் வண்டியை ஓரங்கட்டித் தூங்க அவருக்கு அந்தத் தாள் போதும்.

இப்படிக்கு,
அதே சாலைகளில் பயணிக்கும் ஒருவர்