நீ எழுதிய 'சுபம்'

அன்புள்ள பாப்பாவுக்கு,

உன் அலமாரியைத் தூசி தட்டப் போனவன், 'எ ரெய்சின் இன் தி சன்' நாடகத்தைக் கையில் எடுத்து அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். காபி ஆறுது என்று அம்மா இரண்டு தடவை கத்தினாள். கடைசிப் பக்கத்தில் பென்சிலால் 'சுபம்' என்று எழுதி வைத்திருக்கிறாயே, அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

நாடகத்தில் வரும் கறுப்பினத்து யங்கர் குடும்பம் வெள்ளையர் பகுதியில் வாங்கிய வீட்டுக்குக் கிளம்புகிறது, அந்த வீட்டு அம்மா லேனா தன் நோஞ்சான் செடியையும் எடுத்துக்கொள்கிறாள், திரை விழுகிறது, சரி. ஆனால் போய் இறங்கினால் என்ன நடக்கும் என்பது நாடகத்தை எழுதிய லொரெய்ன் ஹான்ஸ்பெர்ரிக்குத் தெரியும். நீ இருக்கிற அதே சிகாகோவில் 1937-இல் அவள் அப்பா அப்படி ஒரு வீடு வாங்கினார். கறுப்பர்களுக்கு விற்கவோ வாடகைக்கு விடவோ மாட்டோம் என்று அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள் ஒப்பந்தம் போட்டு வைத்திருந்த இடம் அது. கும்பல் கூடியது. ஜன்னல் வழியாக வந்த கல் சிறுமி லொரெய்ன் மேல் படாமல் தப்பியது. அப்பா கோர்ட்டுக்கு அலைய, அம்மா குண்டு நிரப்பிய துப்பாக்கியோடு ராத்திரியெல்லாம் காவல் இருந்து நான்கு பிள்ளைகளைக் காப்பாற்றினாள். மேடையில் அம்மா கையில் செடியைக் கொடுத்தவள், அந்தத் துப்பாக்கியைக் கொண்டுவரவே இல்லை பார்.

1940-இல் உச்ச நீதிமன்றத்தில் ஜெயித்தார்கள். என்ன ஜெயிப்பு, அந்த ஒப்பந்தம் செல்லும் என்று வேறு ஆட்களின் பழைய வழக்கில் வந்த தீர்ப்பு இவர்களைக் கட்டுப்படுத்தாது என்றார்களே தவிர, அந்த ஒப்பந்தம் தப்பு என்று யாரும் வாயைத் திறக்கவில்லை. அதைக் கோர்ட்டுகள் அமல்படுத்தக் கூடாது என்று தீர்ப்பு வர 1948 ஆனது, அதுவும் வேறு யாரோ போட்ட வழக்கில். அதற்குள் அவள் அப்பா மனம் கசந்து மெக்சிகோவில் குடியேறப் பார்த்து அங்கேயே இறந்தும் போனார்.

நாடகத்தில் எனக்குப் பிடித்தது, அந்த வெள்ளையர் பகுதிக்காரர்கள் சார்பில் லிண்ட்னர் பேச வருகிற காட்சி. தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, குரலே உயர்த்தாமல், வீட்டுக்கு நீங்கள் கொடுத்ததைவிடக் கூடுதலாகவே தருகிறோம், வராதீர்கள் என்கிறார். கல்லை அவர் எறியமாட்டார், எறிகிறவர்கள் இருக்கிறார்கள் என்று நாசூக்காகச் சொல்லிவிட்டுப் போவார். 1959-இல் நியூயார்க்கின் பெரிய நாடக அரங்குகள் இருக்கிற பிராட்வேயில் இதை அரங்கேற்றியபோது எழுதியவளுக்கு வயது 28, அங்கே ஒரு கறுப்பினப் பெண்ணின் நாடகம் மேடையேறியதே அதுதான் முதல் தடவை.

சவுத் ரோட்ஸ் அவென்யூ, 6140. லொரெய்னின் அப்பா வாங்கிய வீடு இதுதான், நகர நிர்வாகம் அந்த வீட்டை நினைவுச் சின்னமாக அறிவித்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை சும்மா இருந்தால் போய் ஒரு போட்டோ எடுத்து அனுப்பு, ஜன்னல் தெரிகிற மாதிரி.

அப்பா