செம்பிக்கு ஒரு வீடு

கோயம்புத்தூர்

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் கிடைத்தது. உன் மகளுக்குக் குன்னூரிலேயே வேலை அமைந்த செய்தியைப் படித்து வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. நாங்கள் நலம். இப்போது எங்களோடு இன்னோர் உயிரும் இருக்கிறது. அதைப் பற்றி உன்னிடம் ஓர் உதவி கேட்கவே இதை எழுதுகிறேன்.

சிங்காநல்லூர் குளக்கரையில் வேலிக் கம்பியில் யாரோ கட்டிவிட்டுப் போன ஸ்பேனியல் இன நாய் ஒன்றை அழைத்து வந்திருக்கிறேன். பெண் நாய். செம்பட்டை நிறம் என்பதால் செம்பி என்று கூப்பிடுகிறோம். பல்லைப் பார்த்து ஐந்தாறு வயது இருக்கும் என்றும், தொங்கிப்போன மடியைப் பார்த்துப் பலமுறை குட்டி போட வைத்திருக்கிறார்கள் என்றும் மருத்துவர் சொன்னார். காதுமடல் முடி சடைபிடித்துக் கன்னத்து முடியோடு ஒட்டிக் கிடந்தது. அதைக் கத்தரித்து எடுத்தபோது உள்ளே கறுத்த மெழுகும் புளித்த வாடையும் இருந்தன. விரலிடுக்குகளில் உண்ணிகள். இத்தனைக்கும் அது ஒருமுறைகூட உறுமவில்லை. மருந்து விடும்போது என் முழங்கால் மேல் தாடையை வைத்துக்கொண்டு நடுங்கியது, அவ்வளவுதான்.

இது எந்த ஸ்பேனியல் என்று அறிய நான் மெனக்கெட்டது பெருமைக்காக அல்ல. காக்கர், ஸ்பிரிங்கர் என்ற இரண்டு ஸ்பேனியல் வகைகளும் இங்கிலாந்தில் ஒரு காலத்தில் ஒரே ஈற்றில் பிறந்தவைதாம். எடை குறைந்ததைக் காக்கர் என்றும் கூடியதைச் ஸ்பிரிங்கர் என்றும் பிரித்தார்கள். 1890-களில்தான் நாய் இனங்களைப் பதிவு செய்யும் அங்குள்ள கென்னல் கிளப் என்ற அமைப்பு காக்கரைத் தனி இனமாக ஏற்றது. அமெரிக்கா சென்ற காக்கர்கள் அங்கே குட்டை முகமும் உருண்ட மண்டையும் பெரிய கண்ணும் தரையைத் தொடும் முடியுமாக மாறிப்போக, 1946-இல் அமெரிக்கக் கென்னல் கிளப் ஆங்கிலக் காக்கரை வேறு இனமாகப் பதிவு செய்தது. செம்பியின் நீண்ட முகத்தையும் தட்டையான உச்சியையும் பார்த்தால் ஆங்கிலக் காக்கர் என்றே தோன்றுகிறது. ஆனால் நம் ஊர்களில் விற்பனைக்காக இரண்டையும் கலந்து இனம்பெருக்குவோர் உண்டு என்பதால் உறுதியாகச் சொல்ல மாட்டேன்.

எந்த வகையானாலும் இதன் வேலை ஒன்றே. புதர்க்காட்டில் ஒளிந்திருக்கும் வுட்காக் என்ற உள்ளான் வகைப் பறவையைக் கிளப்பிவிடுவதற்காக இதை வளர்த்தார்கள் (அந்தப் பறவை குளிர்காலத்தில் உங்கள் நீலகிரிக்கும் வலசை வரும்). துப்பாக்கி எட்டும் தூரத்தைத் தாண்டாமல், குறுக்கும் நெடுக்குமாக மோப்பம் பிடித்துக்கொண்டே, அடிக்கடி திரும்பி எசமானரைப் பார்த்து வேலை செய்கிற நாய் இது. தலைமுறை தலைமுறையாக மனிதருக்குப் பக்கத்திலேயே இருக்கப் பழக்கப்பட்டதைப் பகல் முழுவதும் தனியே பூட்டி வைத்தால் ஏங்கிப்போகும். ஆகவே இதற்குப் பெரிய தோட்டம் தேவையில்லை, வீட்டில் ஆள் இருக்க வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். பங்களா வைத்திருந்த ஒருவர் பின்கட்டில் கொட்டகை போட்டுத் தருவதாகச் சொன்னார், மறுத்துவிட்டேன். கணவனும் மனைவியும் காலையில் கிளம்பி இரவில் திரும்பும் ஓர் இளம் தம்பதிக்கும் மனமில்லாமல் மறுத்தேன். நல்ல பிள்ளைகள் அவர்கள். தொலைபேசியில் "குட்டி போடுமா?" என்று முதலில் கேட்டவர்களிடம் அதற்கு மேல் பேசவில்லை. கருப்பையில் சீழ் பிடிக்கும் ஆபத்தும் இருப்பதால், எவர் கைக்கும் போகும் முன்பே கருத்தடை அறுவையையும் வெறிநோய்த் தடுப்பூசியையும் முடித்துவிட்டேன்.

கோத்தகிரியில் இருக்கும் உன் அக்கா, அத்தான் மறைந்த பின் ஒரு நாய் வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருப்பதாகச் சென்ற கடிதத்தில் எழுதியிருந்தாய். அக்கா நாள் முழுவதும் வீட்டில் இருப்பவர், மாலையில் நடப்பவர், மலைக் குளிரும் செம்பியின் முடிக்கு ஒத்துவரும். ஆனால் சிலவற்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். கனத்த மடல் மூடிக்கொள்வதால் இந்த இனத்தின் காதில் காற்றுப் புகாது, ஈரம் தங்கும். மழைக்காலத்தில் இன்னும் மோசமாகும். வாரந்தவறாமல் துடைத்து மருந்து விட வேண்டும். கண் அழுத்த நோயும் இதற்கு வரக்கூடியது. கண் சிவந்து மங்கினால் மறுநாள் பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது, பார்வையே போய்விடும். சிறுத்தை நடமாடும் ஊர் என்பதால் இருட்டிய பின் வாசலில்கூடத் தனியே விடக் கூடாது, வீட்டுக்குள்தான் படுக்க வேண்டும். அக்கா சென்னைக்கு மகன் வீட்டுக்குப் போகும் மாதங்களில் யார் பார்த்துக்கொள்வது என்பதற்கும் விடை வேண்டும்.

நான் நேரில் கேட்டால் அக்கா எனக்காகச் சரி என்று சொல்லிவிடுவார். அதனால்தான் உன் வழியாகக் கேட்கிறேன். அவருக்குக் கொஞ்சம் தயக்கம் இருந்தாலும் எனக்கு வெளிப்படையாக எழுது, செம்பி எங்கள் வீட்டிலேயே இருக்கும், வேறு இடம் பார்ப்பேன். சம்மதம் என்றால் மருந்துகளோடு நானே அழைத்து வந்து, காது துடைக்கும் முறையை அக்காவுக்குக் காட்டிவிட்டு இரண்டு நாள் தங்கிப் போகிறேன். மலை வளைவுகளில் வாந்தி எடுக்கும் என்பதால் வெறும் வயிற்றோடு விடியற்காலையிலேயே கிளம்ப வேண்டியிருக்கும். அந்த நேரத்தில் வருவது அவருக்குத் தொந்தரவாக இருக்குமா என்பதையும் கேட்டு எழுது.

அன்புடன்,
உன் ராமநாதன்