கருவி கழுவும் தண்ணீர் குறித்து எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

மதிப்பிற்குரிய மருத்துவர்களுக்கும் ஆபரேஷன் தியேட்டர் செவிலியர்களுக்கும் வணக்கம்.

கருவிகளை நீராவியால் கிருமிநீக்கும் ஆட்டோகிளேவ் இயந்திரங்களின் சர்வீஸுக்காக மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டிப் பக்கம் செல்லும் எங்கள் டெக்னீஷியன்கள், ஹீட்டர் காயிலில் வெள்ளைப் படிவு ஏறியிருப்பதையும், ரத்தக்குழாயைப் பிடிக்கும் இடுக்கியான ஆர்ட்டரி ஃபோர்செப்ஸின் பூட்டுப் பகுதியில் பழுப்புப் புள்ளிகள் விழுந்திருப்பதையும் அடிக்கடி காண்கிறார்கள். கருவி தரமில்லை என்றே பலரும் முதலில் நினைக்கிறார்கள். ஆனால் முதலில் சோதிக்க வேண்டியது தண்ணீரைத்தான் என்பது எங்கள் உறுதியான கருத்து.

பாறை இடுக்கில் ஊறிவரும் நம் பகுதிப் போர்வெல் தண்ணீரில் கால்சியமும் குளோரைடும் கரைந்திருக்கின்றன. தண்ணீர் சூடாகும்போது கால்சியம், கார்பனேட்டாக மாறிக் காயிலிலும் கருவியிலும் படிகிறது. அப்படிவுக்கு அடியில் ரத்தம் ஒட்டியிருந்தால் நீராவி அதை நேராகத் தொட முடியாது. குளோரைடோ, ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைக் காக்கும் மெல்லிய குரோமியம் ஆக்சைடு படலத்தைத் துளைத்து ஊசிமுனைக் குழிகளை உண்டாக்குகிறது. பழுப்புக் கறையைப் பென்சில் ரப்பரால் தேய்த்துப் பாருங்கள். கறை நீங்கி உலோகம் வழவழப்பாக இருந்தால் அது வெறும் தண்ணீர்க் கறை. அடியில் குழி தெரிந்தால் துரு. துருப்பிடித்த கருவியை உடனே ஒதுக்கிவிட வேண்டும், தட்டிலுள்ள மற்றவற்றுக்கும் துரு பரவக்கூடும்.

கடினத் தண்ணீரை மென்மையாக்க உப்புப் போட்டு ஓட்டும் சாஃப்ட்னர் கருவி இருப்பதால் கவலையில்லை என்று சிலர் சொல்கிறார்கள். சாஃப்ட்னர் கால்சியத்துக்குப் பதிலாகச் சோடியத்தை வைக்கிறதே தவிர, குளோரைடைக் குறைப்பதில்லை. கேன் தண்ணீரும் இதற்குப் போதாது. குடிநீருக்கான இந்தியத் தரநிர்ணயமான ஐ.எஸ். 10500, கரைந்த உப்பை லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கிறது. கருவிகளின் கடைசி அலசலுக்கான தண்ணீருக்கோ, 2023-இல் வெளியான எஸ்.டி. 108 என்னும் அமெரிக்கத் தர ஆவணம், கரைந்த உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துதிறன் சென்டிமீட்டருக்கு 10 மைக்ரோசீமென்ஸுக்குக் கீழ் இருக்க வேண்டும் என்கிறது. கரைந்த உப்பைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டரில் பார்த்தால் அது லிட்டருக்கு ஏறத்தாழ 5 மில்லிகிராம். வீட்டு ஆர்.ஓ. இயந்திரங்கள் பலவற்றில் சுவைக்காக மூலத் தண்ணீரைச் சிறிது கலக்கும் வால்வு இருப்பதால், அவை இந்த அளவுக்கு இறங்குவதில்லை.

ஆட்டோகிளேவில் எல்லாக் கிருமியும் செத்துவிடும் என்ற நம்பிக்கையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கிருமி சாவது உண்மை. ஆனால் குளோரின் நீங்கிய ஆர்.ஓ. தண்ணீர் தொட்டியில் தேங்கினால் அதில் வளரும் சிலவகைப் பாக்டீரியாக்களின் வெளிச்சுவரில் எண்டோடாக்ஸின் என்னும் நஞ்சு உண்டு. 121 டிகிரி நீராவியில் பாக்டீரியா அழிந்த பின்னும் அந்த நஞ்சு எஞ்சுகிறது. அதைச் சிதைக்க 250 டிகிரி உலர்வெப்பம் அரைமணி நேரம் வேண்டும். கண்புரை அறுவைக்குப் பெயர்பெற்ற நம் மதுரையில் இதை விளையாட்டாக எண்ண முடியாது. கண்ணுக்குள் திரவம் செலுத்தும் மெல்லிய குழாயான கேனுலாவுக்குள் தங்கும் அத்தகைய தண்ணீர் ஒரு துளியே, அறுவை முடிந்த ஓரிரு நாளில் கண்ணின் முன்பகுதியில் கிருமித்தொற்றே இல்லாமல் கடும் அழற்சியை உண்டாக்கக்கூடும். ஆகவே தொட்டியைக் காலமுறைப்படி காலிசெய்து கழுவுங்கள். ஆட்டோகிளேவில் மிஞ்சிய தண்ணீரை இரவில் விட்டுவைக்காதீர்கள்.

செலவைப் பற்றி அஞ்ச வேண்டாம். ரத்தம் போக்கும் முதல் அலசலுக்குக் குளிர்ந்த குழாய்த் தண்ணீரே பெரும்பாலும் போதும். வெந்நீர் கூடாது, புரதம் உறைந்து ஒட்டிக்கொள்ளும். உப்புக் கரைசலான சலைனில் ஊறப்போடவும் கூடாது, அதிலும் குளோரைடு உண்டு. தூய தண்ணீர் கட்டாயமாவது கடைசி அலசலுக்கும் ஆட்டோகிளேவுக்கும்தான்.

அடுத்த சர்வீஸின்போது எங்கள் டெக்னீஷியன் மீட்டருடன் வந்து, குழாய், சாஃப்ட்னர், ஆர்.ஓ. மூன்றையும் கட்டணமின்றி அளந்து, அளவுகளை உங்கள் சர்வீஸ் அட்டையில் எழுதித் தருவார். அதற்கு முன்பே அறிய விரும்புவோர், சுத்தமான பாட்டிலை அதே தண்ணீரால் மூன்று முறை அலசி, விளிம்புவரை நிரப்பி மூடி, எடுத்த அன்றே கடைக்குக் கொடுத்தனுப்பலாம். எந்தக் குழாயில் பிடித்தது என்பதைப் பாட்டில்மேல் எழுதி ஒட்டிவிடுங்கள்.

இப்படிக்கு,
சர்வீஸ் பிரிவு,
மதுரை