குத்தவைத்து உட்கார முடிகிறதா என்றும் கேளுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

கம்பம்மெட்டு எல்லைக்கு அந்தப் பக்கம், கேரளாவில் இருக்கிற ஏலத்தோட்டங்களுக்கு விடியும் முன்னே ஜீப் ஏறிப் போகிற பெண்களில் என் அம்மாவும் ஒருவர், இருபத்தைந்து வருடமாக. ஏலக்காய் கைக்கு எட்டும் உயரத்தில் காய்க்காது, தூரில் மண்ணோடு படர்ந்து கிடக்கிற சரத்தில்தான் காய்க்கும், அதனால் நாள் முழுக்கக் குத்தவைத்து உட்கார்ந்து நகர்ந்து நகர்ந்துதான் எடுக்க வேண்டும். முழங்கால் போனது அப்படித்தான்.

போன மாதம் மலைமேல் ஓர் ஆஸ்பத்திரியில், ஒருவரின் உடல்நலம் எப்படி இருக்கிறது என்று அளக்கிற ஈக்யூ-5டி என்கிற கேள்வித்தாளை வைத்து ஒரு பெண் அம்மாவிடம் விவரம் கேட்டார். நடமாட்டம், தன்னைக் கவனித்துக்கொள்வது, வழக்கமான வேலைகள், வலி, மனக்கவலை என்று ஐந்தே கேள்வி. மலையாளப் பெண், பாவம் தமிழில்தான் கேட்டார். "வேதனை உண்டா அம்மா?" மலையாளத்தில் வேதனை என்றால் உடம்பு வலி, நமக்கு அது மனசு. அம்மா சொன்னது: "எனக்கென்ன வேதனை தாயி, பிள்ளைக ரெண்டும் நல்லாத்தான இருக்கு." வலி இல்லை என்று குறித்துக்கொண்டார். நடக்கச் சிரமமா என்றதற்கு "இன்னைக்குப் பரவாயில்ல" என்றார் அம்மா. அந்தத் தாள் கேட்பதும் இன்றைய நிலையைத்தான். ஆனால் ஆஸ்பத்திரிக்கு வரும் நாள் லீவு போட்ட நாள், முதல் நாளிலிருந்தே காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்.

இது வெறும் ஃபாரம் பூர்த்தி செய்கிற விஷயம் இல்லை. இந்தப் பதில்கள்தான் மதிப்பெண்ணாக மாறுகின்றன. முழு ஆரோக்கியம் 1, மரணம் 0. நம் நாட்டில் 3,548 பேரை நேரில் கேட்டு உருவாக்கிய மதிப்பெண் அட்டவணையே 2022-ல் வெளியானது. மதிப்பெண்ணை வருடத்தால் பெருக்கினால் வருவதை 'குவாலி' என்கிறார்கள், அதாவது முழு ஆரோக்கியத்தோடு வாழ்கிற ஒரு வருடம் ஒரு குவாலி. ஒரு சிகிச்சைக்கு அரசு செலவு செய்யலாமா என்று பார்க்கிற மத்திய அமைப்பு, ஒரு குவாலிக்கு ஆகும் செலவு தனிநபர் ஜிடிபிக்குள், அதாவது ஏறக்குறைய இரண்டு லட்சத்துச் சொச்சத்துக்குள் வருகிறதா என்று ஒப்பிடுகிறது.

சும்மா ஒரு கணக்குப் போடுவோம். மூட்டு மாற்ற ஒன்றரை லட்சம், பலன் பத்து வருடம். மதிப்பெண் 0.6-லிருந்து 0.8 ஆனால் கிடைப்பது 2 குவாலி, ஒன்றுக்கு 75,000 ரூபாய். அதுவே ஆரம்பத்தில் 0.75 என்று பதிவாகிவிட்டால் கிடைப்பது அரை குவாலி, ஒன்றுக்கு மூன்று லட்சம். அதே கால், அதே ஆபரேஷன், ஆனால் இப்போது கட்டுப்படியாகாது! என் அம்மா ஒருவரின் பதிலால் எதுவும் மாறாது, சரி. ஆனால் அந்த ஜீப்பில் வருகிற அத்தனை பேரும் இதே பதிலைத்தான் சொல்வார்கள்.

அளவிடுவதே தப்பு என்று நான் சொல்லவில்லை, அளக்காவிட்டால் சத்தமாகக் கேட்பவருக்குத்தான் பணம் போகும். ஆனால் முறையாக மொழிபெயர்த்த தமிழ்ப் படிவம் இருக்கிறது, எல்லையோர ஆஸ்பத்திரிகளில் அதை அப்படியே வாசித்துக் கேளுங்கள். 'வழக்கமான வேலை' என்பது காய் எடுக்கிற வேலையும்தான் என்று சொல்லிவிட்டுக் கேளுங்கள். அப்புறம் தூக்கம், பார்வை, காது கேட்பது பற்றியெல்லாம் ஐந்தோடு ஆறாவது கேள்வியாகச் சேர்த்து ஆராய்ந்திருக்கிறார்கள், தரையில் குத்தவைத்து உட்கார்ந்து எழ முடிகிறதா என்பதையும் அப்படிச் சேர்க்கலாமே.

இப்படிக்கு,
ஒரு வாசகர், கம்பம்