வசவுக்குத் தீர்ப்பு நாள் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

யூத வெறுப்பை எதிர்த்துப் பேசும் பேராசிரியர்கள் இணையத்தில் படும் பாட்டைப் படித்ததும் அமெரிக்க வரலாற்றாசிரியர் டெபோரா லிப்ஸ்டாட் நினைவுக்கு வந்தார். நாஜிகள் நடத்திய யூதப் படுகொலை நடந்ததையே மறுப்பவர் என்று தன்னைப் பற்றி எழுதியதற்காக, பிரிட்டிஷ் எழுத்தாளர் டேவிட் இர்விங் 1996இல் அவர்மீது லண்டனில் அவதூறு வழக்குத் தொடுத்தார். எழுதியது உண்மையென்று நிரூபிக்கும் சுமை, இங்கிலாந்துச் சட்டப்படி, லிப்ஸ்டாட் தரப்பின் தலையில் விழுந்தது. 2000இல் நடந்த விசாரணையில் அவர் சாட்சிக் கூண்டில் ஏறவே இல்லை. வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தார். வகுப்பில் பேசியே பழகியவருக்கு அது எத்தனை கொடுமை! ஆனால் ஏப்ரலில் தீர்ப்பு வந்தது, வென்றார்.

இன்று நள்ளிரவில் கைபேசித் திரையில் முகமற்றவர்கள் கொட்டும் மிரட்டலுக்கு விசாரணையும் இல்லை, தீர்ப்பு நாளும் இல்லை. இஸ்ரேல் அரசை விமர்சிக்க யாருக்கும் உரிமை உண்டு. அதற்காக ஓர் ஆசிரியையின் பிறப்பை இழுத்து ஏசுவதை விவாதம் என்று ஏற்க மாட்டேன். பல்கலைக்கழகங்கள் அறிக்கையோடு நின்றுவிடாமல் மிரட்டப்படும் பேராசிரியர்களுக்குச் சட்ட உதவி தர வேண்டும்.

ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர், தஞ்சாவூர்