மகளைத் தூக்கிவந்தவர்களுக்கும் என்னைத் திருத்தியவர்களுக்கும்

அன்புடையீர்,

11 நாள் மருத்துவமனை வாசத்துக்குப் பிறகு மகள் வீடு திரும்பிவிட்டாள்.

ஸ்கூட்டர் மணலில் சறுக்கியபோது ஹெல்மெட் அவள் தலையில் இல்லை, வண்டிக் கண்ணாடியில் தொங்கிக்கொண்டிருந்தது. காரை நிறுத்தி, தன் துப்பட்டாவால் காயத்தை அழுத்திக் கட்டி அழைத்து வந்த அம்மாவுக்கு முதல் நன்றி. பெயரைக்கூடச் சொல்லாமல் போய்விட்டீர்கள். நள்ளிரவில் ரத்தம் கொடுக்க ஓடிவந்த அலுவலக நண்பர்களே, உங்களை மறக்கவே மாட்டேன்.

மகள் கண் விழித்ததும், "ஹெல்மெட் போடச் சொல்லி எத்தனை தடவை சொன்னேன்!" என்று கேட்டுவிட்டேன். "பக்கத்துலதானேன்னு நீங்களும் கண்ணாடியில மாட்டிட்டுத்தானேப்பா போவீங்க" என்றாள். என்னிடம் பதில் இல்லை.

இரவுப் பணிச் செவிலியருக்குத்தான் நான் அதிகம் கடன்பட்டிருக்கிறேன். ஒவ்வொரு கட்டிலுக்கும் போகுமுன் கிருமிநாசினியை உள்ளங்கையில் ஊற்றி விரலிடுக்கு, கட்டைவிரல், நகக்கண் என்று தேய்ப்பார். 20 முதல் 30 விநாடி தேய்க்க வேண்டுமாம். யாரும் பார்க்காத பின்னிரவு 3 மணிக்கும் ஒரு விநாடி குறைத்ததில்லை. கை சுத்தம் பற்றிய பலகை முதல் நாளே சுவரில் இருந்தது. படித்துவிட்டுக் கடந்துபோனவன் நான். மூன்றாம் நாள் நானாகவே போய்க் கை நீட்டினேன். மறுநாள் பக்கத்துக் கட்டில் பெரியவரின் மகனும் வந்து நின்றார். சகோதரி, எங்களிடம் நீங்கள் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

மகளிடம் பொறுமையாகப் பேசிய உளவியல் ஆலோசகருக்கும் நன்றி. ஜேம்ஸ் பிரயன், நான்சி வால்பெக் இருவரும் 1970இல் வெளியிட்ட ஆய்வை அவர்தான் சொன்னார். பிறருக்குக் கொடுக்க வேண்டும் என்று குழந்தைகளிடம் சொன்ன பெரியவர்களில் சிலர் கொடுத்தார்கள், சிலர் கொடுக்கவில்லை. பெரியவர்கள் செய்ததைப் பார்த்தே குழந்தைகளும் கொடுத்தார்கள். வாய்ப்பேச்சிலிருந்து அவர்கள் கற்றது, அதே பேச்சை அடுத்தவருக்குச் சொல்ல. கேட்டதும் நெஞ்சு கனத்துவிட்டது. தோழிகளுக்கெல்லாம் ஹெல்மெட் அறிவுரை சொல்பவள் என் மகள்.

நேற்று தெருமுனை வரை போக வண்டியை எடுத்தேன். வாசலில் உட்கார்ந்திருந்தவள், தாடைக்கடியில் பட்டை 'க்ளிக்' என்று பூட்டிய சத்தம் கேட்டு நிமிர்ந்து பார்த்தாள். இருவரும் எதுவும் பேசவில்லை.

காரில் வந்த அம்மா, இது உங்கள் கண்ணில் பட்டால் ஒரு தகவல்: துப்பட்டாவைத் துவைத்து மடித்து வைத்திருக்கிறோம்.

நன்றியுடன்,
ஒரு தகப்பன்